வன்வட்டுக்கு ஒரு கண்ணாடி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் வருமாறு: மேசையின் தலைமாட்டில், மற்ற நாற்காலிகளைவிட நான்கு விரற்கடை உயரமான நாற்காலியில், பதிவகத்தின் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் துணை இயக்குநர். இயக்குநர் தலையசைப்பதற்கு அரை நொடி முன்பே தலையசைத்துவிடும் பயிற்சி உள்ளவர். இடப்பக்கம் கொள்முதல் அதிகாரி. அவருக்கு எதிரில் தணிக்கை அதிகாரி, யாருக்கும் முதுகைக் காட்டாதபடி நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு. மேசையின் கடைக்கோடியில் கூட்டக் குறிப்பு எழுதும் அம்மாள், இரண்டு பேனாக்களுடன். கதவோரம், மேசையோடு சேராத ஒரு ஸ்டூலில், கணினிக்காரர். அவருக்குப் பக்கத்தில், பாதி பிரித்த அட்டைக்குள், சுவரில் சாய்ந்தபடி ஓர் ஆளுயரக் கண்ணாடி.

கண்ணாடியால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது என்பதால், அம்மாள் அதைச் ‘சிறப்பு அழைப்பு’ என்று குறித்துக்கொண்டார்.

கண்ணாடி அங்கே வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது ஊரின் பிறப்பு இறப்புப் பதிவகம். காகிதப் பதிவேடுகளைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அன்றுமுதல் ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம், கணினி அறையிலிருந்த ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் அதிகாரப்பூர்வமாகப் பிறந்திருந்தன. மொத்தம் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். கணினிக்காரரின் ஒன்பது வயது மகளும் அந்தச் சொச்சத்தில் ஒருத்தி.

போன மாதம் அந்த டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. கடிகாரமே இல்லாத அறையில் டிக், டிக் என்று. சாப்பாட்டு நேரத்தில் கணினிக்காரர் இதை வீட்டில் சொன்னபோது மகள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: “அது செத்துப்போச்சுன்னா, நான் பொறக்கவே இல்லையாப்பா?”

“பொறந்திருக்க. ஆனா அதை நிரூபிக்க முடியாது,” என்றார் அவர். அலுவலகத்தில் இருபது ஆண்டு இருந்தவர் சொல்லும் பதில்.

வழி அவருக்குத் தெரியும். அந்தக் கணினி ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில். இன்னொரு டிஸ்கை மாட்டி, இரண்டையும் ஜோடி சேர்த்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் போதும். அதன்பின் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் அது இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதும். ஒன்று செத்தாலும் மற்றது அலுங்காமல் ஓடும். தனிக்கருவி எதுவும் வேண்டாம், மென்பொருளே பார்த்துக்கொள்ளும். கணினிக்காரர்கள் பேச்சில் இதற்குக் கண்ணாடி வைப்பது என்று பெயர்.

அவர் கடிதத்தை ஒழுங்காக எழுதுகிறவர். அலுவலக வழக்கப்படி ஹார்ட் டிஸ்கை வன்வட்டு ஆக்கி, தலைப்பிட்டார்: ‘பொருள்: வன்வட்டுக்கு மென்பொருள்வழிக் கண்ணாடி அமைக்க மேலும் ஒரு வன்வட்டு கோருதல் தொடர்பாக.’ மூன்று பிரதி எடுத்து அனுப்பினார்.

கடிதம் ஏழு மேசைகளில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மேசையிலும் அதற்கு ஒரு சுருக்கம் எழுத வேண்டும். முந்தைய மேசையின் சுருக்கத்தைச் சுருக்கினால் போதும், மூலத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஏழாவது மேசையை அடைந்தபோது அது ‘கணினிக்காரருக்குக் கண்ணாடி தேவை’ என்று ஆகியிருந்தது. மறுவாரம் கண் பரிசோதனைக்கு ஆணை வந்தது. போகாவிட்டால் கோப்பு நகராது என்பதால் போனார். கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூட ஒரு மூச்சில் வாசித்தார். ‘கண்ணாடி தேவையில்லை’ என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க, கோப்பு அத்துடன் மூடப்பட்டது.

இரண்டாவது கடிதத்தில், இது மூக்கில் மாட்டும் கண்ணாடி அன்று, பிம்பம் காட்டும் கண்ணாடியைப் போன்ற ஓர் ஏற்பாடு என்று விளக்கினார். ‘போன்ற’ என்ற சொல் நான்காவது மேசையில் உதிர்ந்துவிட்டது. வன்வட்டுக்கு எதற்காக மென்கண்ணாடி, சந்தையில் கெட்டிக் கண்ணாடிதானே கிடைக்கிறது என்று கொள்முதல் பிரிவு ஓர் ஆட்சேபம் எழுப்பி, பிறகு தானே பெரிய மனது பண்ணி, கெட்டிக் கண்ணாடியையே வாங்கி அனுப்பியது.

அதை எங்கே மாட்டுவது என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். கணினிக்காரரைப் பார்த்து, கேட்டது வந்துவிட்டதே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். கணினிக்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். டிஸ்கின் சத்தத்தைச் சொன்னார். நாற்பத்தோராயிரம் குழந்தைகளைச் சொன்னார். கடைசியாக, கண்ணாடி என்ற சொல்லால்தானே இத்தனை வினையும் என்று நினைத்து, கணினித் துறையில் அதற்குள்ள ஆங்கிலப் பெயரைச் சொன்னார்.

“இதுக்குச் சரியான பேரு ரெய்டு சார்.”

கொள்முதல் அதிகாரியின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் மேசைமேல் சாய்ந்தது, யாரும் துடைக்கவில்லை.

“ரெய்டா?” என்றார் அவர். “எப்போ?”

“நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே நடத்திடலாம் சார். ரெண்டு மணி நேர வேலை.”

“யாருக்கும் முன்கூட்டியே தெரியவேண்டாமா?”

“யாருக்குமே தெரியாது சார். அது பாட்டுக்கு உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். எதையும் விடாது, ஒண்ணு விடாம ரெண்டு பிரதி எடுத்து வெச்சுக்கும்.”

கொள்முதல் அதிகாரி நெஞ்சைத் தடவிக்கொண்டு, லேசாகப் படபடப்பாக இருக்கிறது என்று சொல்லி வெளியே போனார். அன்று மாலையே அவருடைய அறையிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகள் காரில் ஏறின. பதினைந்து நாள் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பம் வந்தது. அவர் வேலையையும் தணிக்கை அதிகாரியே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆணையாயிற்று. ஆக, வாங்குகிறவரும் வாங்கியதில் குற்றம் கண்டுபிடிக்கிறவரும் ஒருவரே ஆனார். முன்னும் பின்னும் இவ்வளவு ஒற்றுமையாக அந்த அலுவலகம் இயங்கியதில்லை.

கூட்டத்தில் இயக்குநர் பேசினார். அம்மாள் இரண்டு பேனாக்களாலும் மாறிமாறி எழுதினார்.

“ஒரே பொருளை ரெண்டு வாங்கக் கூடாதுங்கறது இந்த அலுவலகத்தோட உயிர்நாடி. நானே சுற்றறிக்கை போட்டிருக்கேன். எல்லாப் பிரிவுக்கும் மூணு மூணு பிரதி அனுப்பியிருக்கேன், ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு. சொல்லுங்க, உங்க வட்டு இப்போ ஓடுதா?”

“ஓடுது சார். ஆனா…”

“ஓடுதுன்னா ரெண்டாவது எதுக்கு? ஓடலைன்னா, ஏன் ஓடலைன்னு முதல்ல விளக்கம் எழுதுங்க.”

“நம்ம அலுவலகத்துக்கு ஒரே ஒரு இயக்குநர்தானே இருக்காரு? ஓடலையா?” என்றார் துணை இயக்குநர்.

இயக்குநர் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அவர் நாற்காலியில் உட்காருவதற்காகவே தம்மை நியமித்திருக்கிறார்கள் என்பது துணை இயக்குநருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வேறு யாரும் நினைவுபடுத்தவும் இல்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: கண்ணாடியைக் கணினி அறையில், கணினியின் முழு உருவமும் தெரியும்படி எதிர்ச்சுவரில் மாட்டுவது. வட்டுக்கு ஏதாவது நேர்ந்தால் முழுப் பொறுப்பும் கணினிக்காரருடையது என்று அவரிடம் எழுதி வாங்குவது, இரண்டு பிரதி.

இரண்டாம் நாள் கண்ணாடிக்கு ரிப்பன் வெட்டினார்கள். இயக்குநர் அதில் தம்மைப் பார்த்துக்கொண்டு, தகவல் பாதுகாப்பில் நாம் முன்னோடி என்றார். பிம்பமும் அப்படியே வாயசைத்தது. டிஸ்க் டிக், டிக் என்றது.

கணினிக்காரரின் வீட்டு மாடியில் அவருடைய அக்கா குடியிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டு வேறோர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இதைப் புரிந்துகொள்ளவா ஏழு மேசை என்றார்.

“ஒரு தட்டுத் தட்டினா ரெண்டு தாள்ல விழணும். அவ்வளவுதானே? அதுக்குப் பேரு கார்பன்டா.”

அவர் பேச்சைக் கேட்டு மூன்றாவது கடிதத்தில், கார்பன் நகல் எடுப்பதைப் போல என்று ஓர் உவமையைச் சேர்த்தார் கணினிக்காரர். ஒன்பதாம் நாள் நான்கு பெட்டி கார்பன் காகிதம் வந்து இறங்கியது, நீலம் இரண்டு, கறுப்பு இரண்டு.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீ கேக்குற வரைக்கும் குடுக்க மாட்டாங்கடா. எனக்கு ஆறு வருஷமா புது டைப்ரைட்டர் குடுக்கல. பழசு ஒருநாள் காணாமப் போச்சு பாரு, மூணே நாள்ல புதுசு வந்துடுச்சு.”

“எப்படிக் காணாமப் போச்சு?”

“அதை நீ கேக்காத, நான் சொல்லல,” என்று தேநீரை ஆற்றினார் அக்கா.

திங்கட்கிழமை காலை, டிஸ்கின் சத்தம் மாறியிருந்தது. டிக், டிக் போய், இரும்பு அலமாரியைச் சுரண்டுவதைப் போல ஒரு கரகரப்பு. இனி மணிக்கணக்குதான் என்று கணினிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நான்காவது கடிதம் எழுத நேரமில்லை. நேராகக் குறிப்பு எழுதும் அம்மாளிடம் போனார்.

இயக்குநர் அறையில் ஒரு கணினி இருந்தது. ஐந்து ஆண்டுகளாகப் பூப்போட்ட உறை போர்த்தி, மேலே ஒரு பூச்சாடி வைத்து, வருகிறவர்கள் பார்க்கும்படி இருந்தது. அதற்குள் உள்ள டிஸ்க் புத்தம் புதிது. அந்த அறைச் சாவி அம்மாளிடம்தான் இருக்கும்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த மெஷினை ஐயா ஒரே ஒரு தடவைதான் தம்பி தொட்டிருக்காரு. அதுவும் பூச்சாடியை நகர்த்துறப்போ கை பட்டுடுச்சு.” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “என் பேரன் பொறந்ததும் உங்க டிஸ்குலதான் இருக்கா?”

“இருக்கும்மா. போன வருஷம்.”

“ஐயா சாப்பிட ஒரு மணிக்குப் போனா ரெண்டரைக்குத்தான் வருவாரு,” என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றே காலுக்கு டிஸ்க் கணினிக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. பூச்சாடி பழையபடி உறைமேல் இருந்தது. ஒன்றரைக்குப் புது டிஸ்கைத் தம் கணினியில் மாட்டிவிட்டு, திரையின் முன் உட்கார்ந்தார்.

இப்போது ஒரு நுணுக்கம். ஜோடி சேர்க்க இரண்டு நல்ல டிஸ்க் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒன்று நல்லது, ஒன்று சாகக் கிடப்பது. ஆனால் லினக்ஸ் இதற்கும் வழி வைத்திருந்தது. ஜோடியில் ஒன்று இது. மற்றது ‘மிஸ்ஸிங்’, அதாவது காணவில்லை என்று தட்டினால் போதும். இருப்பதை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடும். இல்லாத டிஸ்குக்கு இடம் போட்டுக் காத்திருக்கும். ஏன் காணவில்லை என்று கேட்காது. யார் பொறுப்பு என்று கேட்காது. மூன்று பிரதி கேட்காது.

அப்படியே தட்டினார். லினக்ஸ் ஒரு வரியில் சரி என்றது. இருபது ஆண்டுப் பணிக்காலத்தில் அவருக்கு ஒரே நாளில் கிடைத்த முதல் அனுமதி அது.

பிறகு பழைய டிஸ்கிலிருந்து குழந்தைகளைப் புதியதற்கு மாற்ற ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு ஆறாயிரம் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பதினைந்தாயிரம். கரகரப்பு நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் அவருக்கும் மூச்சு நின்றது. ஜோடி எந்த நிலையில் இருக்கிறது என்று நடுவில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்குத் தற்செயலாக நிமிர்ந்தார். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில், அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. மாட்டிய நாளிலிருந்து அந்தக் கண்ணாடி செய்த ஒரே உபகாரம் அதுதான்.

தணிக்கை அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். லினக்ஸ் அவருக்குத் தெரியாது. ஆனால் குற்றம் எந்த மொழியில் இருந்தாலும் அவருக்குத் தெரியும்.

“மிஸ்ஸிங்னு போட்டிருக்கே. என்ன மிஸ்ஸிங்?”

“ஒரு… டிஸ்க் சார்.”

“அதுக்குக் கீழ டிகிரேடட்னு போட்டிருக்கு. யாரைத் தரம் இறக்கினீங்க? அதெல்லாம் பணியாளர் பிரிவு பண்ற வேலையாச்சே.”

யாரையும் தரம் இறக்கவில்லை, இரண்டில் ஒன்று இல்லாததால் கணினி அப்படிச் சொல்கிறது என்று விளக்கினார் கணினிக்காரர். தணிக்கை அதிகாரியின் முகம் மலர்ந்தது. தொட்டதெல்லாம் சரியாக இருந்து சலித்துப் போயிருந்தவர் அவர்.

“அப்போ ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுதான் இருக்கு. கணினியே ஒத்துக்குது. இப்போ நீங்க ஒத்துக்கறீங்களா?”

கணினிக்காரர் வாயைத் திறந்தார். அப்படி ஒரு டிஸ்கே வாங்கப்படவில்லை, இல்லாததைத் தொலைக்க முடியாது, அதற்காகத்தானே இரண்டு மாதமாக மன்றாடுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அக்காவின் டைப்ரைட்டர் நினைவுக்கு வந்தது.

“தொலைஞ்சா என்ன சார் செய்யணும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“விதி பதினாலு. காணாமப் போன பொருளைப் பத்து நாளுக்குள்ள வாங்கி இருப்பைச் சரி பண்ணணும். யார் அனுமதியும் தேவையில்ல, கொள்முதல் அதிகாரி கையெழுத்து மட்டும் போதும்.” தாமே இப்போது கொள்முதல் அதிகாரி என்பது நினைவுக்கு வந்து, கூடுதலாக ஓர் அங்குலம் நிமிர்ந்தார். “ஆனா தொலைச்சவர் எழுத்துல ஒத்துக்கணும். பணிப் பதிவேட்டுல கறுப்புக் குறி விழும். மூணு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. அடுத்த மாசம் உங்க பேரு பட்டியல்ல இருக்கு இல்ல?”

இருந்தது. முதுநிலைக் கணினிக்காரர் ஆவதற்கு எட்டு ஆண்டு காத்திருந்து, இந்த முறைதான் பெயர் ஏறியிருந்தது. மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியும் ஆயிற்று.

திரையில் இருபத்தேழாயிரம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க் ஒருமுறை இருமியது. கணக்கு நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இருபத்தேழாயிரத்து நானூறு.

“ஒத்துக்கறேன் சார்,” என்றார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் குழந்தை வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பழைய டிஸ்க் சுழலவே இல்லை. அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, கார்பன் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார்.

ஆறாம் நாள் புது டிஸ்க் வந்தது. இரண்டு மாதம் கேட்டுக் கிடைக்காதது, தொலைந்தவுடன் வந்துவிட்டது. காணாமல் போனவருக்காகப் போட்டு வைத்திருந்த இடத்தில் லினக்ஸ் அதை வாங்கி உட்கார வைத்துக்கொண்டது. பன்னிரண்டு சதவீதம், நாற்பது, எண்பத்தொன்பது என்று ஏறி, இரண்டு மணி நேரத்தில் ஜோடி முழுமையாயிற்று. திரையில் அதற்கான அடையாளம், டிஸ்குக்கு ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு எழுத்துகள். அவற்றைப் பார்க்க அறையில் அவரைத் தவிர யாருமில்லை. கண்ணாடியில் இருந்தவர் மட்டும் அவரோடு சேர்ந்து புன்னகைத்தார்.

அன்று மதியம் இயக்குநர், தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒப்புதல் கடிதத்தைத் தம் அறையிலேயே, தம் எதிரிலேயே எழுதச் சொன்னார். பூச்சாடி வைத்த கணினியின் பக்கத்தில் உட்கார்ந்து கணினிக்காரர் எழுதினார்: ‘பொருள்: வன்வட்டு ஒன்று காணாமல் போனது தொடர்பாக.’ கையெழுத்து வழக்கம்போல மணிமணியாக விழுந்தது. அதைப் படித்த இயக்குநர், காணாமல் போனது என்று மட்டும் எழுதினால் வட்டு தானாகவே எழுந்து நடந்து போனதைப் போல இருக்கிறது, ‘எனது கவனக்குறைவால்’ என்பதைச் சேருங்கள் என்றார். கணினிக்காரர் சேர்த்தார்.

“இதையெல்லாம் ஒரு பாடமா எடுத்துக்கணும்,” என்றார் இயக்குநர். பக்கத்திலிருந்த கணினியின் உறையைத் தட்டிக் கொடுத்தார். “என் மெஷினைப் பாருங்க. அஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு சின்னச் சத்தம் வந்திருக்கா?”

“இனிமேலும் வராது சார்,” என்றார் கணினிக்காரர்.

ஜன்னல் பக்கம் நின்றிருந்த அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது.

இயக்குநர் கையெழுத்திட்டார். கடிதத்தை நீட்டியவர், ஏதோ நினைவு வந்ததைப் போலத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“ஒத்தைப் பிரதியா? என்ன நீங்க, இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு. வழியில ஒண்ணு தொலைஞ்சா என்ன பண்றது? எப்பவும் ரெண்டா அனுப்பணும். அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு போய்ச் சேரும். இதுகூடத் தெரியாமத்தான் கண்ணாடி, கார்பன்னு என்னென்னவோ கேட்டுக்கிட்டிருந்தீங்களா?”

கணினிக்காரர், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நீலக் கார்பன் ஒன்றை எடுத்து வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினார். அம்மாள் இரண்டுக்கும் இயக்குநரின் கையெழுத்து வாங்கி வந்தார்.

கணினி அறையில் உட்கார்ந்து இரண்டையும் மடித்தார். இரண்டு உறைகளில் போட்டார். அரக்கை உருக்கி இரண்டிலும் முத்திரை வைத்தார். எதிரே கண்ணாடியில் தெரிந்தவற்றோடு சேர்த்து நான்கு உறைகள் ஆயின. அம்மாள் தபால் பையைத் திறந்து பிடித்தார்.

“ரெண்டையும் இந்தப் பையிலேயே போட்டுடவா தம்பி?”

“வேண்டாம்மா,” என்றார் அவர். “வேற வேற பை. ஒரே நேரத்துல கிளம்பணும்.”

மூன்று மணிக்கு, இரண்டு வண்டிகளில், ஓர் உறை கிழக்கு வாசல் வழியாகவும், மற்றது மேற்கு வாசல் வழியாகவும் போயின.